அரசு செலவில் ஆட்டிசம் சேவை: விண்ணப்பம் போடுவது முதல் மணிக்கணக்கைச் சரிபார்ப்பது வரை

குழந்தைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால் அரசு சேவை தானாக வந்து சேரும் என்று நிறைய பெற்றோர் நினைக்கிறார்கள். வராது. அந்தத் தாள் உங்களை வரிசையில் நிற்க வைக்கும், அவ்வளவுதான். வரிசையிலிருந்து உள்ளே போக வேறு தாள்கள் வேண்டும், உள்ளே போன பிறகு எத்தனை மணி நேரம் தெரபி என்று முடிவாவதற்கு இன்னொரு வகைத் தாள் வேண்டும், முடிவான அந்த மணி நேரம் உண்மையிலேயே குழந்தைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க நீங்களே ஒரு நோட்டு போட்டு எழுதி வைக்க வேண்டும். இப்படிப்பட்ட சேவைகளை நடத்துகிற பக்கத்தில் உட்கார்ந்து ஃபைல் பார்த்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், துறையின் பெயர் மாறும். ஃபைல் சிக்கிக்கொள்கிற இடங்கள் மட்டும் எங்கே பார்த்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த இடங்கள் தெரிந்தால் எங்கே தள்ள வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

வரிசை ஏன் இவ்வளவு நீளம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காரணம் தெரியாவிட்டால் எல்லாக் கோபமும் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் மேல் போகும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 8 வயதுக் குழந்தைகளைக் கணக்கெடுத்து வருகிறது. 2000ஆம் ஆண்டுக் கணக்கில் 150 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம், 2022ஆம் ஆண்டுக் கணக்கில் 31 பேரில் ஒருவருக்கு. இதில் பெரும்பங்கு, கண்டுபிடிப்பது கூடியதும் வரையறை விரிந்ததும்தான். 2013இல் ஆஸ்பெர்கர் போன்ற தனித்தனிப் பெயர்களை எல்லாம் ஒரே ஸ்பெக்ட்ரம் என்ற தலைப்பின்கீழ் கொண்டுவந்தார்கள், முன்பு கண்ணில் படாமல் போன பெண் குழந்தைகளும் நன்றாகப் பேசுகிற குழந்தைகளும் இப்போது எண்ணிக்கையில் வருகிறார்கள். ஆனால் பட்ஜெட் போடுகிறவர்கள் போன வருடத்து எண்ணிக்கையை வைத்துத்தான் போடுகிறார்கள். ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் படித்து, பயிற்சி முடித்து, தனியாகக் குழந்தைகளைப் பார்க்கும் நிலைக்கு வருவதற்குள் வரிசையில் நின்ற குழந்தை பள்ளியில் பாதி தூரம் போயிருக்கும்.

சட்டம் வலுவாக இருக்கிற நாடுகளிலும் இதே கதைதான். அமெரிக்காவில் 1975இல் சிறப்புக் கல்விச் சட்டம் வந்தபோது சராசரி மாணவர் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரும் என்றார்கள். அந்த 40 சதவீதத்தை ஒரு வருடம்கூட முழுதாகத் தந்ததில்லை, மீதியை மாநிலங்களும் பள்ளிகளும் தேட வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் ஒரு குழந்தையின் கல்வி, உடல்நலம், பராமரிப்புத் திட்டத்தை 20 வாரத்துக்குள் முடித்துத் தர வேண்டும் என்பது சட்டம், 2024இல் அந்தக் கெடுவுக்குள் வந்தவை பாதிக்கும் குறைவு. கனடாவின் ஒன்டாரியோவில் வரிசையைக் குறைக்க 2019இல் தேவையைப் பார்க்காமல் வயதை வைத்து ஒரு தொகையைப் பங்குபோட்டுத் தரப் பார்த்தார்கள். ஒரே வயதுடைய இரண்டு குழந்தைகளின் தேவை ஒன்றல்ல என்று பெற்றோர் தெருவுக்கு வந்த பிறகு தேவையைப் பார்த்துத் தரும் முறைக்குத் திரும்பினார்கள்.

ஆகவே தாமதம் என்பது உங்கள் குழந்தையைக் குறிவைத்து வருவதல்ல. அதிகாரி நல்லவரா கெட்டவரா என்ற ஆராய்ச்சியை விட்டுவிடுங்கள். அவருக்கு மேலே என்ன கெடு இருக்கிறது, எந்த விதி அவரைக் கட்டுப்படுத்துகிறது என்று பாருங்கள், அதில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது.

சந்தேகம் வந்த நாளிலேயே எழுத்தில் கேளுங்கள்

கூப்பிட்டால் திரும்பவில்லை, விரல் நீட்டிக் காட்டவில்லை, வந்த சொற்கள் நின்றுபோயின என்றால் 'பையன் லேட்டாகப் பேசுவான், தாத்தாவும் அப்படித்தான்' என்று யார் சொன்னாலும் தலையாட்டிவிட்டு ஸ்க்ரீனிங் என்கிற முதல்கட்டச் சோதனைக்குப் போய்விடுங்கள். எம்-சாட் என்ற கேள்வித்தாள் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது, 20 கேள்விகள், இலவசமாகவே கிடைக்கிறது. அது டயக்னோசிஸ் அல்ல. ஆனால் 'அம்மாவுக்குச் சந்தேகமாக இருக்கிறது' என்பதற்கும் 'ஸ்க்ரீனிங்கில் இந்த மதிப்பெண் வந்திருக்கிறது' என்பதற்கும் ஃபைலில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கூடவே காது கேட்கும் திறனைச் சோதித்து ரிப்போர்ட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மாதக்கணக்கில் காத்திருந்து அசெஸ்மென்ட்டுக்குப் போன அன்று 'முதலில் காதைப் பார்த்துவிட்டு வாருங்கள்' என்று திருப்பி அனுப்புவார்கள்.

முழு டயக்னோசிஸ் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வளர்ச்சியில் பின்தங்கல் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக சேவை தொடங்கும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. அமெரிக்காவில் 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான திட்டத்தில் பரிந்துரை வந்த 45 நாளுக்குள் முதல் திட்டக் கூட்டம் நடக்க வேண்டும், அதற்கு ஆட்டிசம் என்ற சொல்லே தேவையில்லை. இந்தியாவில் மாவட்ட அளவில் இருக்கும் ஆரம்பகால இடையீட்டு மையங்களும் வளர்ச்சித் தாமதத்தைப் பார்க்கின்றன. அதனால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: டயக்னோசிஸ் இல்லாமலே இன்று தொடங்கக்கூடிய சேவை எது? பெரும்பாலும் ஒன்றாவது இருக்கும், ஆனால் நீங்கள் கேட்டால்தான் சொல்வார்கள்.

அப்புறம், வாயால் கேட்டது கணக்கில் வராது. கெடு என்று ஒன்று இருந்தால் அது நீங்கள் எழுத்தில் விண்ணப்பித்த தேதியிலிருந்தோ ஒப்புதல் கையெழுத்துப் போட்ட தேதியிலிருந்தோதான் ஓடத் தொடங்கும். பள்ளி ஆசிரியரிடம் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன் என்று பெற்றோர் சொல்வார்கள், ஃபைலைத் திறந்தால் உள்ளே ஒரு வரி இருக்காது. நாலு வரி மின்னஞ்சல் போதும்: குழந்தையின் பெயர், பிறந்த தேதி, எதைப் பற்றிக் கவலை, எந்த மதிப்பீட்டைக் கேட்கிறீர்கள். பதிவெண் அல்லது ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள்.

வரிசையில் நின்ற பிறகு வரிசையிலிருந்து விழாமல் இருப்பது தனி வேலை. பட்டியலை அவ்வப்போது 'சுத்தம்' செய்வார்கள். ஒரு கடிதம் போடுவார்கள், அல்லது ஒரு தடவை போன் அடிப்பார்கள், பதில் வரவில்லையென்றால் விருப்பமில்லை என்று பெயரை எடுத்துவிடுவார்கள். வீடு மாறியது, சிம் மாறியது, தெரியாத எண் என்று எடுக்காமல் விட்டது, இந்த அற்பக் காரணங்களால் வருடக்கணக்காக நின்ற இடத்தை இழந்த குடும்பங்கள் உண்டு. முகவரியும் எண்ணும் மாறினால் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள், இன்னொரு உறவினரின் எண்ணையும் கொடுத்து வையுங்கள். யாராவது வராமல் போனால் அந்த நேரத்துக்குக் குறுகிய அறிவிப்பில் வரத் தயார் என்றும் சொல்லி வையுங்கள், சில மையங்களில் அதற்கென்றே தனிப் பட்டியல் இருக்கிறது.

ரிப்போர்ட்தான் எல்லாம்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், சேவை கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது.

ஆட்டிசம் என்ற பெயர் உங்களைக் கதவுவரை கொண்டுவரும். உள்ளே எவ்வளவு கிடைக்கும் என்பதை முடிவு செய்வது, அன்றாட வாழ்க்கையில் குழந்தைக்கு எதற்கு, எவ்வளவு உதவி வேண்டும் என்ற விவரிப்பு. 2013க்குப் பிறகு டயக்னோசிஸோடு 1, 2, 3 என்று ஒரு ஆதரவு நிலையும் எழுதுகிறார்கள், எண் கூடக்கூடத் தேவைப்படும் உதவியும் கூடுதல். டாக்டர்கள் அதை அன்றைய நிலையைக் குறிக்க எழுதுகிறார்கள், அலுவலகங்களோ அதைத் தொகை ஒதுக்கும் அளவுகோலாகப் படிக்கின்றன. ஆஸ்திரேலியாவின் தேசிய ஊனமுற்றோர் காப்பீட்டுத் திட்டத்தில் 2, 3 நிலைகளைத் தகுதி பெற வாய்ப்புள்ளவை என்ற பட்டியலிலேயே சேர்த்திருந்தார்கள், 1ஆம் நிலைக் குழந்தையின் பெற்றோர்தான் தனியாக நிரூபிக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று, ஆனால் முக்கியமான சலுகைகளுக்குச் சான்றிதழில் குறைபாடு குறைந்தது 40 சதவீதம் என்று இருக்க வேண்டும். எண்ணாகவோ நிலையாகவோ, எங்கோ ஒரு கோடு இருக்கும். உங்கள் ஊர்க் கோடு எது என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

மதிப்பீடு நடப்பது சத்தமில்லாத ஒரு அறையில், ஒரே ஒரு பெரியவரோடு, குழந்தைக்குப் பிடித்த பொம்மைகளுக்கு நடுவில். அந்த ஒரு மணி நேரத்தில் குழந்தை அழகாக இருந்துவிடும். கூடவே பெற்றோருக்கு ஒரு இயல்பான குணம், பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் பேசுவது: 'தானே சாப்பிடுவான், எல்லாம் புரியும், கொஞ்சம் பிடிவாதம்தான்.' இதைக் கேட்டு எழுதுகிறவர் 'சுயமாக உண்கிறான்' என்று எழுதிவிடுவார். தட்டை எடுத்து வைத்து, மற்ற எல்லாரையும் அந்த அறையை விட்டு அனுப்பி, ஒரே வீடியோவை ஓடவிட்டு, நாற்பது நிமிடம் பக்கத்தில் நின்றால் தானே சாப்பிடுவான் என்பது ஃபைலில் வராது. நீங்கள் செய்கிற உதவி உங்களுக்கே கண்ணில் படாமல் பழகிவிட்டது, அதுதான் சிக்கல். பொய் சொல்லச் சொல்லவில்லை, மிகைப்படுத்தவும் வேண்டாம். நீங்கள் கைகொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லுங்கள்.

இதற்கு ஒரு வழி: ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொண்டு எழுந்ததிலிருந்து தூங்கும்வரை எழுதுங்கள். மோசமான நாள் வேண்டாம், விசேஷ நாளும் வேண்டாம். பல் விளக்குவது, உடை மாற்றுவது, கழிப்பறை, சாப்பாடு, வெளியே கிளம்புவது, பள்ளி, திரும்பி வந்த பிறகு, தூக்கம். ஒவ்வொன்றிலும் குழந்தை தானாகச் செய்வது எது, சொன்னால் செய்வது எது, கை பிடித்துச் செய்ய வைப்பது எது, எவ்வளவு நேரம் ஆகிறது, வாரத்தில் எத்தனை முறை, உதவி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எழுதுங்கள். 'தூக்கப் பிரச்சினை இருக்கிறது' என்ற வரியை யாரும் படிக்கப் போவதில்லை. 'வாரத்தில் நாலு இரவு 2 மணிக்கு எழுந்துவிடுகிறாள், கதவைத் திறந்து வெளியே போகப் பார்க்கிறாள், அதனால் பெரியவர்கள் நாங்கள் முறைபோட்டு விழித்திருக்கிறோம்' என்று எழுதினால் அது பாதுகாப்பு விஷயம் ஆகிவிடுகிறது, அதைத் தள்ளிவைக்க அதிகாரி தயங்குவார். 'கூட்டத்தில் அடம் பிடிப்பான்' என்பதைவிட 'கூட்டமான இடத்தில் 10 நிமிடத்துக்குள் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்துவிடுகிறான், மீண்டு வர ஒரு மணி நேரம் ஆகிறது, அதனால் குடும்பத்தோடு எங்கேயும் போவதில்லை' என்பது எவ்வளவோ மேல். அடம் என்று எழுதினால் வளர்ப்பு சரியில்லை என்று படிப்பார்கள்.

இரண்டு பக்கம் போதும், இருபது பக்கம் கொடுத்தால் படிக்க மாட்டார்கள். மெல்ட்டவுன், அதாவது குழந்தை தாங்க முடியாமல் உடைந்துபோகிற நேரத்து வீடியோ ஒன்றிரண்டு வைத்திருப்பது உதவும், ஆனால் அதைத் தேவையான ஒருவருக்கு மட்டும் காட்டுங்கள், குழுக்களில் பகிராதீர்கள், நாளைக்கு வளர்ந்து நிற்கப் போகிற ஒரு மனிதரின் அந்தரங்கம் அது. இந்த விவரங்களைக் குழந்தை கேட்க உட்கார்ந்து பேசவும் வேண்டாம். பேச்சு வராத குழந்தைக்குக் காதும் கேட்காது என்பதுபோல அறையில் பெரியவர்கள் பேசுவதை அடிக்கடி பார்க்கிறேன், எரிச்சலாக இருக்கும்.

பள்ளியில் ஒன்றும் பிரச்சினையே இல்லையே என்று ஆசிரியர் சொல்கிற குழந்தைகள் தனி ரகம். பள்ளி முழுக்க அடக்கிக்கொண்டு இருந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் உடைந்துபோவார்கள், பெண் குழந்தைகளிடம் இது அதிகம் காணப்படுகிறது. அந்த நிலைமையில் ஆசிரியரிடம் 'பிரச்சினை இருக்கிறதா' என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் எழுதுவார். இடைவேளையில் யாரோடு இருக்கிறாள், பாட வேளை மாறினால் என்ன செய்கிறாள், உதவி வேண்டுமென்றால் தானாகக் கேட்கிறாளா, பகலில் ஒரு தடவையாவது கழிப்பறைக்குப் போகிறாளா என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, பரிந்துரையில் எண் இருக்க வேண்டும். 'ஸ்பீச் தெரபி பயனளிக்கக்கூடும்' என்று நிபுணர் எழுதிவிட்டால் பணம் ஒதுக்குகிறவர் அந்த 'கூடும்'மேல்தான் கை வைப்பார். வாரம் எத்தனை முறை, எத்தனை நிமிடம், தனியாகவா குழுவாகவா, யார் தர வேண்டும், எந்த இலக்குக்காக, எத்தனை மாதம் கழித்துச் சரிபார்க்க வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்குவார்கள். சில இடங்களில் எண் போடக் கூடாது என்று மேலிடத்து வாய்மொழி உத்தரவே இருக்கும். 'உங்கள் தொழில்முறைக் கருத்தை மட்டும் எழுதுங்கள், கிடைக்குமா என்பதை அலுவலகம் பார்த்துக்கொள்ளட்டும்' என்று பணிவாகச் சொன்னால் பெரும்பாலானவர்கள் எழுதிவிடுவார்கள்.

ஒரு துறை இன்னொரு துறையைக் கைகாட்டும்போது

பேச்சு வரவில்லை என்றால் அது உடல்நலத் துறையின் வேலையா, கல்வித் துறையின் வேலையா? இரண்டு பக்கமும் மற்றவரைத்தான் காட்டும். சாப்பிட வைப்பது, கழிப்பறைப் பயிற்சி, பள்ளிக்குப் போய்வரும் வண்டி, எல்லாவற்றிலும் இதே பந்தாட்டம். இருவருக்கும் பட்ஜெட் தனி, கணினி தனி, ரகசியக் காப்பு விதியும் தனி, ஒருவர் ஃபைலை இன்னொருவர் பார்க்க முடியாது. கெட்ட எண்ணம் எதுவுமே இல்லாமல் ஒரு குழந்தை இரண்டுக்கும் நடுவில் விழுவதற்கு இது போதும்.

நீங்கள் செய்ய வேண்டியது, ஒவ்வொரு 'எங்கள் வேலை இல்லை'யையும் எழுத்தில் வாங்குவது. அவர்கள் தரவில்லையென்றால் நீங்களே எழுதுங்கள்: 'இன்று நேரில் பேசியபோது இந்தச் சேவை உங்கள் பொறுப்பில் வராது, இன்ன துறையைக் கேளுங்கள் என்று சொன்னீர்கள், நான் புரிந்துகொண்டது சரிதானா?' அதன் நகலை அந்த இன்னொரு துறைக்கும் அனுப்புங்கள். ஒரே கடிதத்தில் இருவர் பெயரும் இருக்கும்போது யாராவது ஒருவர் போனை எடுத்து மற்றவரிடம் பேசத்தான் வேண்டியிருக்கும். கடுமையான சொல் ஒன்றுகூட வேண்டாம், தேதியும் நகலும் போதும். எல்லா ரிப்போர்ட்டுகளின் நகலும் உங்களிடம் ஒரே ஃபைலில், தேதி வரிசையில் இருக்கட்டும். எந்த அலுவலகத்திலும் இல்லாத முழு ஃபைல் பெற்றோரிடம் மட்டும்தான் இருக்கும், பேச்சுக்காகச் சொல்லவில்லை, நிலைமை அதுதான்.

திட்டம் போடும் கூட்டத்தில்

நிறைய மணி நேரம் வாங்குவதுதான் வெற்றி என்று போகாதீர்கள். சின்னக் குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம் வேண்டும் என்ற பேச்சு 1987இல் வந்த ஒரு ஆய்விலிருந்து பரவியது. 2024இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, மணி நேரம் கூடக்கூடப் பலன் கூடுகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. இதையே சாக்காக வைத்து அலுவலகம் ஒரு மணி நேரம் தந்தால் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றும் அர்த்தமில்லை. என்ன இலக்கு, அதை யார், எங்கே, எப்படிச் செய்கிறார்கள் என்பதில்தான் கூட்ட நேரத்தைச் செலவழிக்க வேண்டும். 'கண்ணைப் பார்த்துப் பேசுவான்', 'கையை ஆட்டாமல் உட்காருவான்' போன்ற இலக்குகளை நீக்கச் சொல்லுங்கள், அவை மற்றவர்களின் வசதிக்கானவை. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் சின்ன வயதில் இப்படி அடக்கிப் பழக்கப்பட்டதால் பட்ட பாட்டைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வலிக்கிறது என்று சொல்லத் தெரிவது, வேண்டாம் என்று சொல்லத் தெரிவது, கழிப்பறை கேட்பது, இவை குழந்தைக்கானவை. பேச்சு வரவில்லையென்றால், படத்தைக் காட்டித் தனக்கு வேண்டியதைச் சொல்ல, படப் பலகை அல்லது டேப்லெட் கேளுங்கள். அதைக் கொடுத்தால் பேசவே மாட்டான் என்று இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை.

இலக்கு அளக்கக்கூடியதாக இருக்கட்டும். 'தொடர்புத் திறன் மேம்படும்' என்ற இலக்கை எட்டினோமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் எட்டினோம் என்று எழுதிவிடுவார்கள். கூட்டம் முடிந்த அன்றே கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை, வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

அனுமதித்தது ஒன்று, கிடைத்தது ஒன்று

திட்டம் கையில் வந்ததும் பெற்றோர் கொஞ்சம் ஓய்ந்துவிடுவார்கள், நியாயம்தான். ஆனால் அனுமதித்த மணி நேரம் வேறு, கிடைத்த மணி நேரம் வேறு. தெரபிஸ்ட் பதவி காலியாக இருக்கும், புதியவர் வருவார், மூன்று மாதத்தில் அதிகச் சம்பளத்துக்குத் தனியாருக்குப் போய்விடுவார். விடுமுறை, கூட்டம், பயிற்சி, வண்டி வரவில்லை, அறை காலியில்லை. தொலைவில் இருக்கும் குடும்பங்களுக்கு இன்னும் மோசம், போய்வரும் நேரம் தெரபி நேரத்தைவிட அதிகம். வருடக் கடைசியில் அலுவலகக் கணக்கில் 'சேவை வழங்கப்பட்டது' என்று ஒரே வரியாக இருக்கும்.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, நடக்க வேண்டிய நேரம், நடந்த நேரம், யார் எடுத்தார், நடக்கவில்லையென்றால் அவர்கள் சொன்ன காரணம். அவ்வளவே. தனி வகுப்பு என்று எழுதியிருக்க மூன்று குழந்தைகளோடு சேர்த்து நடந்தால் அதைக் குறித்து வையுங்கள், தெரபிஸ்ட்டுக்குப் பதில் உதவியாளர் எடுத்தால் அதையும். தெரபிஸ்ட் ஆசிரியரோடு பேசிவிட்டுப் போன நேரத்தைக் குழந்தைக்குத் தந்த நேரமாகக் கணக்குக் காட்டுவதும் நடக்கும். ஆலோசனை பயனுள்ளதுதான், ஆனால் அது தனிக் கணக்கு. இரண்டு மூன்று மாதம் ஓடியதும் கூட்டிப் பார்த்து, திட்டத்தில் இத்தனை, கிடைத்தது இத்தனை, விட்டுப்போனதை எப்போது ஈடு செய்வீர்கள் என்று ஒரு கடிதம் எழுதுங்கள். எத்தனையோ உணர்ச்சிகரமான கடிதங்களைக் கேட்காத காதுக்கு இந்தக் கூட்டல் கேட்கும், ஏனென்றால் மேலதிகாரி கேட்டால் பதில் சொல்ல வேண்டிய எண் அது. இவற்றையெல்லாம் தெரபிஸ்ட்டிடம் சண்டையாகப் போடாதீர்கள், பெரும்பாலும் அவர் இரண்டு பேரின் வேலையைத் தனியாக இழுத்துக்கொண்டிருப்பார். கடிதம் அவருக்கு மேலே போகட்டும், அவருக்கும் அது உதவும்.

ஆள் மாறிக்கொண்டே இருந்தால் ஒரு பக்கக் குறிப்பு தயாராக வையுங்கள்: எப்படித் தொடர்புகொள்கிறாள், எது அமைதிப்படுத்தும், எது கிளப்பிவிடும், இப்போது எந்த இலக்கில் எவ்வளவு தூரம். புதிதாக வருகிறவர் முதல் ஆறு வாரத்தை மறுபடி மதிப்பீட்டிலேயே கரைக்காமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பெற்றோருக்குப் பயிற்சி தருகிறோம் என்று சொன்னால்

நேரடி தெரபிக்குப் பதிலாக இது வரும்போது பலருக்குக் கோபம் வருகிறது. பாதி நியாயம். நல்ல பயிற்சிக்கு ஆதாரம் இருக்கிறது: கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களை வைத்துப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. பெற்றோர் குழந்தைக்கு இசைந்து பதில் தருவதும், குழந்தை தானாகத் தொடர்புக்கு முயல்வதும் கூடின. உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் பயிற்சியில் 9 குழு அமர்வும் 3 வீட்டு வருகையும் உண்டு, 2 முதல் 9 வயதுக் குழந்தைகளின் குடும்பங்களுக்கானது, அதன் இணையவழி வடிவம் இலவசம். வரிசையில் நிற்கும் காலத்தில் இதைத் தொடங்கிவிடுங்கள். ஆனால் ஒரு அரங்கில் ஐம்பது பேரை உட்கார வைத்து ஸ்லைடு காட்டி அனுப்புவதற்கும் பெற்றோர் பயிற்சி என்றுதான் பெயர் வைக்கிறார்கள். யாராவது உங்கள் குழந்தையோடு நீங்கள் விளையாடுவதைப் பார்த்து உங்களுக்குச் சொல்லித் தருகிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அது சேவைக் குறைப்புதான்.

காத்திருக்கும் குடும்பங்களைத் தேடிக்கொண்டு வருகிற இன்னொரு கூட்டம் உண்டு, முழுதாகக் குணப்படுத்துகிறோம் என்பவர்கள். உடலிலிருந்து உலோகம் எடுக்கிறோம் என்று நரம்பில் மருந்து ஏற்றி 2005இல் அமெரிக்காவில் 5 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். ப்ளீச் குடிக்கக் கொடுப்பவர்கள்கூட இருக்கிறார்கள். தடுப்பூசியால் வருகிறது என்ற 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை அதை வெளியிட்ட பத்திரிகையே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. 'இந்த வயதைத் தாண்டினால் கதவு மூடிவிடும்' என்று பயமுறுத்திப் பணம் கேட்கிற யாரையும் நம்ப வேண்டாம். சீக்கிரம் தொடங்குவது நல்லது, அதற்காக 6 வயதில் எதுவும் முடிந்துவிடுவதில்லை.

மறுத்துவிட்டால்

மறுப்புக் கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது காரணத்தை அல்ல, அப்பீல் செய்யக் கடைசி நாளை. அதைக் காலண்டரில் குறித்த பிறகு காரணத்தைப் படியுங்கள். அப்பீலில் அந்தக் காரணத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். 'போதுமான ஆதாரம் இல்லை' என்றால் புதிய ஆதாரம், 'இந்தத் துறையின் பொறுப்பல்ல' என்றால் விதியின் பிரிவு, 'முன்னேற்றம் இல்லை' என்றால் உங்கள் நோட்டு, ஏனென்றால் பாதி வகுப்பு நடக்கவே இல்லாதபோது முன்னேற்றம் எங்கிருந்து வரும். புகாரும் அப்பீலும் வேறு வேறு: நடத்தை சரியில்லை என்றால் புகார், முடிவு சரியில்லை என்றால் அப்பீல். புகார் கொடுத்துவிட்டு அப்பீல் நாளைத் தவறவிடுகிறவர்கள் நிறைய. பாதி கொடுத்து பாதி மறுத்தால், கொடுத்ததை ஏற்றுக்கொள்கிறேன், மீதிக்கு ஆட்சேபம் என்று எழுத்தில் தெரிவித்துவிட்டு வகுப்பைத் தொடங்கிவிடுங்கள்.

அப்பீல் என்றால் ஜெயிக்கவே முடியாது என்ற எண்ணம் தப்பு. இங்கிலாந்தில் இதற்கான தீர்ப்பாயம்வரை போய் முடிவாகிற வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை பெற்றோர் பக்கமே முடிகின்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017இல் ஆட்டிசம் உள்ள ஒரு மாணவனின் வழக்கில், பெயரளவுக்குக் கொஞ்சம் முன்னேற்றம் காட்டினால் போதும் என்ற அளவுகோலை ஒதுக்கித் தள்ளியது. அங்கே பள்ளி செய்த மதிப்பீட்டை ஏற்காவிட்டால், வெளியாள் ஒருவரை வைத்து அரசு செலவில் மறுமதிப்பீடு கேட்கவும் பெற்றோருக்கு உரிமை உண்டு. உங்கள் ஊரில் அதற்கு இணையானது என்ன என்று பெற்றோர் சங்கத்தில் கேளுங்கள், சட்டப் புத்தகத்தைவிட அங்கே வேகமாகத் தெரியும். நேரமும் படிப்பும் இருக்கிறவர்கள் அப்பீல் போட்டு வாங்கிவிடுகிறார்கள், இரண்டு ஷிஃப்ட் வேலை பார்க்கிற அம்மாவின் பிள்ளை விட்டுப்போகிறான், இந்த முறையின் பெரிய ஓட்டை அது. அதனால் உங்கள் கடிதம் ஒன்று பலித்தால் பெயர் விவரங்களை நீக்கி அதன் மாதிரியைச் சங்கத்தில் கொடுத்து வையுங்கள்.

இனி தேதிகள். சான்றிதழுக்குக் காலாவதி உண்டா, திட்டத்தின் மறுஆய்வு எப்போது, எந்த வயதில் ஒரு திட்டம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 3 வயது, பள்ளி சேரும் வயது, பள்ளி மாறும் வயது, 18 வயது, இந்த நாலு இடத்திலும் பழைய சேவை நிற்கும் நாளும் புதிய சேவை வரும் நாளும் ஒட்டாது, நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி விழும். ஒவ்வொன்றுக்கும் ஆறு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள், பழையது முடியும்வரை காத்திருக்கச் சொன்னால் அப்படி எந்த விதியில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். 18க்கு மட்டும் ஆறு மாதம் போதாது, 16 வயதிலேயே பேச்சைத் தொடங்க வேண்டும், அந்தக் கூட்டங்களில் பிள்ளையும் உட்கார்ந்திருக்க வேண்டும்.